கதவுக்காரர் கட்டிய படகு – அத்தியாயம் 14: பென்சில் கனம்

இப்போதெல்லாம் யாரும் எதையும் தட்டிப் பார்த்து வாங்குவதில்லை. கதவு வாங்க வருகிறவன் கதவைப் பார்ப்பதில்லை. போனில் இருக்கும் கதவின் படத்தைப் பார்க்கிறான். படத்தைத் தட்டினால் சத்தம் வருமா? பசை டப்பாவின் மேல் ‘இரும்பை விட உறுதி’ என்று அச்சடித்திருந்தால் போதும், வீட்டையே அதில் ஒட்டிவிட்டுக் குடும்பத்தோடு உள்ளே படுத்துத் தூங்குகிறார்கள். அச்சடித்தவனை யாராவது பார்த்ததுண்டா? சொன்ன சொல்லில் நிற்கிற ஆளா அவன்? தெரியாது. ஆனால் நம்புவார்கள்.

கதவுக்காரர் இதையெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் அன்று காலை ஷெட்டில் படகின் மூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருஷம் கதவு, ஜன்னல், அலமாரி. எதையும் சட்டென்று நம்பமாட்டார். “இந்த மனுஷன் நம்ம கல்யாணப் பத்திரிகையையே அச்சகத்துக்குப் போய் ரெண்டு தடவை சரிபார்த்தவரு” என்று வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். சரிபார்த்ததில் தப்பும் இருந்தது. அதை மட்டும் அவள் சொல்லமாட்டாள்.

படகு மகளுடைய ஆசை. பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறாள். தெருவில் அவளுக்கு ‘காயில் அக்கா’ என்றுதான் பெயர். அக்கரைத் தோட்டங்களில் மோட்டார் எரிந்துபோனால் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போய் எடுத்துவர மூன்று மணி நேரம். தண்ணீர் வழியாகப் போனால் இருபது நிமிஷம். எண்ணெய் வழியும் மோட்டாரைத் தோணிக்காரன் ஏற்றமாட்டேன் என்றுவிட்டான். அன்று இரவே ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் விரித்தாள்.

“எனக்கு மரவேலை தெரியாது. உங்களுக்கு இன்ஜின் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆளு. என்ன சொல்றீங்க?”

எட்டு மாதம் ஓடிவிட்டது. பதினாலடிப் படகு நிமிர்ந்து நிற்கிறது.

போன வாரம் பின்பலகையில் ஒன்பது ஸ்குரூ அகப்பட்டதும், வீடு இரண்டுபட்டதும் நினைவிருக்கும். பசை மட்டும் போதும் என்று மகள் சொன்ன இடத்தில், அவளுக்குத் தெரியாமல் கதவு ஸ்குரூவை முறுக்கி வைத்திருந்தார் இவர். துரு பிடித்துப் பலகையே போயிருக்கும் என்று அவள் கத்தினாள். கடைசியில் ஒன்று சொன்னாள்:

“இன்னொரு தடவை எனக்குத் தெரியாம இந்தப் படகுல கை வெச்சீங்க, ஷெட்டுச் சாவியை வாங்கிடுவேன். அப்பான்னு பார்க்கமாட்டேன்.”

இவரும் தலையாட்டினார். ஆட்டும்போதே வேறு ஏதோ ஒன்று நினைவுக்கு வரப் பார்த்தது. எது என்று அப்போது தெரியவில்லை.

இன்று காலையில் தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளைதான் ஆரம்பித்தார். அவர் வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். சாதுவான மனிதர், குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தண்ணீர் என்றால் மட்டும் ஆகாது. முழங்காலுக்கு மேல் நனைந்தால் முகம் வெளுத்துவிடும். படகு விளக்குகளுக்கு ஒயர் இழுத்தது அவர். அதையும் படகு தரையில் இருக்கும்போதே முடித்துக்கொண்டார்.

“இன்னிக்குச் சோதனையில என்னதான் பண்ணுவாங்க? சும்மா ஓட்டிக் காட்டினா போதாதா?” என்று கேட்டார்.

மகள் இன்ஜினின் எண்ணெய் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். “ஓட்டறது அப்புறம். மொதல்ல படகு ஆய்வாளர் வந்து, படகு ரொம்பற அளவுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுவாரு. விளிம்பு வரைக்கும். நான் உள்ள உக்காந்திருக்கணும். பத்து நிமிஷம் படகு மட்டமா மிதந்தா பதிவு நம்பர் குடுப்பாரு.”

“தண்ணி ரொம்பினா முழுகாதா?” இது கதவுக்காரர்.

“அதுக்குத்தானேப்பா அந்த ரெண்டு பெட்டி?” அவள் முன் சீட்டையும் பின் சீட்டையும் கையால் காட்டினாள். “சீட்டுக்குக் கீழ அடைச்சு வெச்சிருக்கோமே, காத்துப் பெட்டி. படகு கவுந்தாலும் ரொம்பினாலும் அந்தக் காத்துதான் தூக்கிப் பிடிக்கும். பின்னால நாப்பது கிலோ இன்ஜின் தொங்கப்போகுது இல்ல? பின் பெட்டியில ஒரு ஊசி முனை ஓட்டை இருந்தாலும் போதும். பின்பக்கம் கீழ இழுத்துட்டுப் போயிடும்.”

கதவுக்காரரின் கையிலிருந்த துணி நின்றது.

அலமாரி செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூடிய பெட்டி எதுவாக இருந்தாலும், வெளியே தெரியாத இடத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஓட்டை போட்டுவிடுவார்கள். பென்சில் கனம். காதில் செருகியிருக்கும் பென்சிலையே விட்டுப் பார்த்து அளவு சரி என்று சொல்லிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் உள்ளே காற்று புழுங்கி மரம் பூத்துப்போகும்.

இரண்டு மாதம் முன்னால் மகள் கடைக்குப் போயிருந்தபோது இவரும் போட்டுவிட்டார். பெட்டிக்கு இரண்டு, ஆக நாலு. சீட்டு விளிம்பின் நிழலில், குனிந்து தலையைத் திருப்பினால்தான் தெரியும். பெட்டி எதற்கு என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்வார்கள். சொன்னால் அந்தப் பதிலை நம்ப வேண்டிவரும்.

“என்னப்பா, ஏன் ஒரு மாதிரி நிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல. முழங்கால்.”

“முழங்கால் வலின்னா ஏன் கை நடுங்குது?”

“எல்லாம் ஒரே உடம்புதானே.”

அவள் சிரித்தாள்.  இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் சாவி போகும். சாவி போனால் போகட்டும். எட்டு மாதமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டு, பலகை இழைத்துக்கொண்டு இருந்தார்களே, அது? அவளுக்குக் கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் அவள் இவரோடு இவ்வளவு பேசினதே இல்லை.

“இன்னிக்கு வேணாம்மா. காத்து ஜாஸ்தியா இருக்கு” என்றார்.

“ஆமா, நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்” என்றார் மாப்பிள்ளை சட்டென்று. “அடுத்த வாரம் பார்த்துக்கலாமே?”

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரு விஷயத்துல ஒத்துப்போறது இதுதான் மொதல் தடவை. எழுதி வெச்சுக்கணும். நகருங்க, டிராலியைப் பிடிங்க.”

*

டிராலி தெருவில் போகும்போது சனங்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

“என்ன பெரியவரே, இதுல தாழ்ப்பாள் எங்க வெச்சிருக்கீங்க?” என்று சைக்கிள் கடைக்காரன் கேட்டான்.

வேறொரு நாளாக இருந்தால் அவனுடைய வாய்க்கே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்திருப்பார். இன்று தலையைக் குனிந்துகொண்டு தள்ளினார். டிராலி குலுங்கும்போதெல்லாம் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

படகுத்துறைக்கு வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் பழுப்பாக, அசையாமல் கிடந்தது. இன்ஜின் ஆட்டோவில் தனியாக வந்துகொண்டிருந்தது. அதை இறக்க மகளும் மாப்பிள்ளையும் மேட்டுக்கு ஏறினார்கள். ஆய்வாளர் இன்னும் வரவில்லை.

படகும் இவரும் மட்டும்.

காதிலிருந்து பென்சிலை எடுத்தார். புதுப் பென்சில், நேற்றுதான் சீவியது. கத்தியால் விரல் கணு அளவுக்கு நாலு துண்டு நறுக்கினார். மூன்றாவது துண்டை நறுக்கும்போது கத்தி கட்டைவிரலில் இறங்கியது. பார்க்க நேரமில்லை.

படகுக்குள் மல்லாந்து படுத்துத் தலையைச் சீட்டுக்கு அடியில் விட்டார். முன் பெட்டி, மேல் ஓட்டை. பென்சில் துண்டை வைத்து, சுத்தியல் கட்டையால் தட்டினார். இறுக்கமாகப் போனது. கீழ் ஓட்டை. போனது. பின் சீட்டுக்கு ஊர்ந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. அங்கே மேல் ஓட்டை. அதுவும் போனது. நாலாவது துண்டு விரலிலிருந்த இரத்தத்தில் வழுக்கி எங்கோ விழுந்தது. இருட்டில் தடவினார். மேட்டிலிருந்து பேச்சுக் குரல் இறங்கி வந்துகொண்டிருந்தது. தடவினார். அகப்பட்டது. வைத்துத் தட்டினார்.

மரம்தான், தண்ணீர் பட்டால் ஊதும், ஊதினால் இன்னும் இறுகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சரியான பேச்சுதான். ஆனால் சொன்னது தானே என்பதால் அதையும் முழுசாக நம்ப முடியவில்லை.

“அப்பா! அங்க என்ன பண்றீங்க, தூங்கறீங்களா?”

“துடைச்சிட்டிருக்கேன்.”

“இன்னும் கொஞ்சம் துடைச்சீங்கன்னா பெயிண்டே போயிடும். எழுந்திரிங்க. கையில என்ன ரத்தம்?”

“கீறல்.”

அவள் தன் கைக்குட்டையைக் கிழித்து விரலில் கட்டிவிட்டாள். கட்டிவிட்டு, சின்ன வயதில் செய்வது போல முடிச்சின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள்.  சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. மீதிப் பென்சிலை மடியில் செருகிக்கொண்டு நகர்ந்தார்.

*

இன்ஜினைப் படகில் மாட்டி முடித்தபோது ஆய்வாளர் ஜலதோஷத்தோடு வந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் அட்டை. தும்முவதும் எழுதுவதுமாகப் படகை ஒரு சுற்று சுற்றி வந்தார். கதவுக்காரர் ஒட்டிய மூட்டுகளை விரலால் நீவிப் பார்த்தார்.

“யாரு வேலை இது?”

“எங்க அப்பா.”

“நல்லா இருக்கு” என்றவர் தும்மினார். “சரி, அந்த நடுக் கம்பம் தெரியுதில்ல? அங்க கொண்டுபோங்க.”

மாப்பிள்ளையின் முகம் மாறியது. “சார், கரையோரம்னுதானே சொன்னீங்க? கடுதாசியில கரையோரம்னுதான் போட்டிருந்தது.”

“கரையோரம் இடுப்பளவு தண்ணி. அங்க கட்டிலைப் போட்டாக்கூட முழுகாது. அங்க என்னத்தைப் பார்க்கறது? கம்பத்துக்கிட்ட மூணு ஆள் ஆழம் இருக்கும். அதான் சோதனை.”

“இல்ல சார், கரையோரம்னு…”

“நீங்கதான் படகுல உக்காரப் போறீங்களா?”

“இல்ல, நான்தான்” என்றாள் மகள், மிதவைச் சட்டையின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டே. “அவருக்குக் குளிக்கற தொட்டியிலேயே நீச்சல் வராது சார்.”

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. துறைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நெற்றியில் வேர்வை நிற்பதைக் கதவுக்காரர் பார்த்தார். பாவம், பயந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்.

கயிற்றின் ஒரு நுனி படகின் மூக்கில், மறுநுனி துறையில். மகள் துடுப்புப் போட்டுக் கம்பத்தருகே போய் நிறுத்தினாள். பின் சீட்டில் உட்கார்ந்து வாளியால் தண்ணீரை அள்ளி அள்ளி உள்ளே ஊற்றினாள். தன் கையால் தன் படகை அவள் முழுக வைப்பதைக் கதவுக்காரர் கண்ணைக் கொட்டாமல் பார்த்தார்.

கணுக்கால். முழங்கால். விளிம்பு.

படகு ஒரு முறை முனகியது போலிருந்தது. பிறகு நின்றது. விளிம்பு தண்ணீரோடு தண்ணீராக, மகள் இடுப்பு வரை நனைந்து, நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். கையைத் தூக்கி ஆட்டினாள்.

“பாருங்கப்பா! மிதக்குது!”

ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம். இரண்டு.

கதவுக்காரர் படகைப் பார்க்கவில்லை. படகுக்குப் பின்னால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நிமிஷத்தில் அங்கே ஒரு குமிழி வந்தது.

ஒன்றுதான். மீனாக இருக்கும்.

இன்னொன்று வந்தது. பிறகு இரண்டு சேர்ந்து. பிறகு கொதிக்கிற தண்ணீர் மாதிரி வரிசையாக.

இன்ஜினின் தலை ஒரு சாண் இறங்கியிருந்தது. மகள் அதைப் பார்க்கவில்லை. அவள் முகம் துறைப் பக்கம் இருந்தது. இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏய்!” கதவுக்காரரின் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. “இறங்குடி! குதிச்சிடு! ஓட்டை இருக்கு!”

“என்னது?”

“பெட்டியில ஓட்டை! நான்தான் போட்டேன்! மரம் புழுங்கும்னு நான்தான் போட்டேன்! நாலு ஓட்டை! குதிச்சிடு!”

ஆய்வாளர் தும்மலைப் பாதியில் நிறுத்தி அவரைப் பார்த்தார்.

மகளின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. படகின் மூக்கு மேலே எழும்ப, பெட்ரோல் கேனைக் கட்டியிருந்த வார் சரிந்து அவள் கணுக்காலைச் சீட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அவள் காலை இழுத்தாள். படகு இன்னும் ஒரு சாண் இறங்கியது. தண்ணீர் அவள் மார்புக்கு வந்தது.

“கால் மாட்டிக்கிச்சுப்பா!”

கதவுக்காரர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஆய்வாளர் குடையை எறிந்துவிட்டுப் பின்னால் சேர்ந்துகொண்டார். தண்ணீர் நிரம்பிய படகு. மலையை இழுப்பது போலிருந்தது. கையிலிருந்த கட்டு அவிழ்ந்து கயிறு சிவந்தது.

“எங்கப்பா போட்டீங்க? எந்தப் பக்கம்?”

“சீட்டு விளிம்புக்கு அடியில! முன்பக்கமா! பென்சில் வெச்சு அடைச்சேன்! பிடுங்கிக்கிச்சா பாரு!”

அவள் தண்ணீருக்குள் கையை விட்டாள். தாடை வரை தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள்.

“மேல இருக்கு! அடைச்சிருக்கு! கீழயும் அடைச்சிருக்கு! ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு!” வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பினாள். “அப்புறம் எங்கேருந்துப்பா காத்து போகுது?”

கதவுக்காரர் மனதுக்குள் எண்ணினார். நாலு போட்டார். நாலும் அடைத்தார். ஐந்தாவது என்று ஒன்று கிடையாது.

அப்போது பக்கத்தில் ‘தொபீர்’ என்று ஒரு சத்தம்.

மாப்பிள்ளை குதித்திருந்தார். குளிக்கிற தொட்டியில் நீச்சல் வராத மனிதர், சட்டை செருப்போடு. கயிற்றைப் பிடித்துக் கைமாற்றி கைமாற்றி, தண்ணீர் குடித்து, இருமி, படகுக்குப் போய்ச் சேர்ந்தார். மூக்கருகே நிற்கவில்லை. மகளின் காலுக்கும் போகவில்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு நேரே பின்னால் போனார். இன்ஜினுக்கு அடியில், பின்பலகையின் இடது மூலையில், தலை முழுகும்படி கையை நீட்டி ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

குமிழிகள் நின்றன.

தேடவில்லை. தடவவில்லை. இருட்டில் சொந்த வீட்டு சுவிட்சைப் போடுகிறவன் கை எப்படிப் போகுமோ, அப்படிப் போனது அந்தக் கை. கதவுக்காரர் கயிற்றை இழுத்துக்கொண்டே அதைப் பார்த்தார்.

*

துறைக் கல்லில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். வாரை அவிழ்த்துக் காலை எடுத்தாகிவிட்டது. கணுக்காலில் சிவப்புக் கோடு. எலும்புக்கு ஒன்றுமில்லை. படகு கரையோரச் சேற்றில் தட்டிக் கிடந்தது. ஆய்வாளர், “வெள்ளிக்கிழமை மறுபடி வரேன். அதுக்குள்ள எத்தனை ஓட்டைன்னு குடும்பமா உக்காந்து ஒரு முடிவுக்கு வாங்க” என்று சொல்லிவிட்டு, நனைந்த குடையோடு போயிருந்தார்.

மகள் அழவில்லை. அதுதான் கதவுக்காரருக்குப் பயமாக இருந்தது.

“மரம் மூச்சு விடணும்னு போட்டீங்க. அப்படித்தானே?”

“ஆமா.”

“நான் மூச்சு விட வேணாமா?”

அவர் அவிழ்ந்த கட்டை விரலில் மறுபடி சுற்றினார்.

“எப்போ தெரிஞ்சுது, அது தப்புன்னு?”

“காலையில. நீ பெட்டியைப் பத்திச் சொன்னப்போ.”

“காலையிலேருந்து தெரியும். டிராலி தள்ளினீங்க. கைக்குக் கட்டு போட்டுவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லல.” அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. “பென்சிலை வெச்சு அடைச்சிட்டு, பொண்ணை அதுக்கு மேல உக்கார வெச்சுட்டு, கரையில நின்னு பார்த்தீங்க.”

 அவர் எழுந்து படகின் பின்பக்கம் போய்க் குனிந்தார். இன்ஜின் மாட்டும் இரும்புக்கு அடியில், பலகையைத் துளைத்துப் பின் பெட்டிக்குள் போகும் அந்த ஓட்டை இருந்தது. சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார், நுழையவில்லை. மீதியிருந்த பென்சிலை வைத்துப் பார்த்தார், அதுவும் நுழையவில்லை. மெல்லிசு. ஒயர் போகிற கனம்.

“இது என் ஓட்டை இல்ல” என்றார்.

“அது என்னுது மாமா.” மாப்பிள்ளை துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நின்றார். பல் தந்தியடித்தது. “பின் விளக்குக்கு ஒயர் விடறதுக்குப் போட்டேன். அப்புறம் மேல் வழியா இழுத்துட்டோமில்ல? அதை அடைக்கணும்னு இருந்தேன், மறந்தே போச்சு. குமிழியைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்துச்சு. என் தப்புதான்.”

“பாருங்க” என்றாள் மகள். “கேக்கறதுக்கு முன்னாடியே சொல்றாரு. நீச்சல் தெரியாத மனுஷன், குதிச்சு வந்தாரு.” கணவனின் கையிலிருந்து துண்டை வாங்கி அவர் காதுக்குப் பின்னால் துடைத்துவிட்டாள். மாப்பிள்ளை அவளைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

கதவுக்காரர் ஓட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒயர் இழுத்தது எப்போது? பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால். பெயிண்ட் அடித்தது இவர் கை. மூன்று கோட்டு. இந்த மூலைக்குத் தலைகீழாகப் படுத்துக்கொண்டு அடித்தார். அப்போதே ஓட்டை இருந்திருந்தால் பெயிண்ட் உள்ளே வழிந்து காய்ந்திருக்கும். விரலால் சுற்றிப் பார்த்தார். ஓட்டையின் உள்சுவரில் ஒரு சொட்டு நீலப் பெயிண்ட் இல்லை. ஈரத்திலும் மரம் வெள்ளையாக, நேற்று அறுத்த மாதிரி இருந்தது.

கரையோரம்னுதானே சொன்னீங்க, சார்? கரையோரம்னு…

இடுப்பளவு தண்ணீரில் படகு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நம்பர் கிடைத்திருக்காது. அக்கரைக்குப் போகிற பேச்சே அதோடு நின்றிருக்கும்.

“மாப்பிள்ளை.”

“சொல்லுங்க மாமா.”

“இதைப் பெயிண்டுக்கு முன்னாடி போட்டீங்களா, பின்னாடி போட்டீங்களா?”

சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த மாப்பிள்ளையின் கை ஒரு கணம் நின்றது.

“முன்னாடிதான் மாமா. ஒயர் வேலை முடிஞ்சப்புறம்தானே பெயிண்ட்?”

“அப்பா!” மகள் எழுந்து நின்றாள். “நாலு ஓட்டை போட்டவரு ஒரு ஓட்டை போட்டவரைக் கேள்வி கேக்கறீங்களா? வெக்கமா இல்ல?”

இருந்தது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டார். இவர் மரம் புழுங்குமே என்று பயந்து போட்டார். அந்தப் பிள்ளை, பெண்டாட்டி தண்ணீரில் போவாளே என்று பயந்து போட்டது என்று இவருக்குப் புரிந்தது. பயந்தவன் கையில் டிரில் இருந்தால் என்ன ஆகும் என்பதும் இவருக்கு நன்றாகத் தெரியும். அடங்குகிற பயமாக இருந்தால் ஒரு ஓட்டையோடு நிற்கும்.

“சாவி” என்றாள் மகள், கையை நீட்டி.

இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து ஷெட்டுச் சாவியை எடுத்தார். எட்டு மாதத்தில் அது அங்கேயே இருந்து தோலில் தடம் பதிந்திருந்தது. கொடுத்தார். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கணவனின் ஈரச் சட்டைப் பையில் போட்டாள்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும். ஓட்டை எல்லாத்தையும் நீங்களே அடைச்சிடுங்க. அப்பா உள்ள வரக் கூடாது.”

“சரிம்மா” என்றார் மாப்பிள்ளை. கை தன்னால் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

கதவுக்காரர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். இரண்டு அடி நடந்து நின்றார்.

“வெள்ளிக்கிழமை நீங்களும் அவ கூடப் படகுல உக்காருங்க மாப்பிள்ளை.”

“நானா? எனக்குத் தண்ணின்னா எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?”

“தெரியும். அதான் சொல்றேன்.”

“போதும்ப்பா. யாரையாவது ஒருத்தரை நம்புங்களேன், ஒரே ஒரு தடவை” என்றாள் மகள், அலுத்துப்போன குரலில். “அவருதான் மறந்துட்டேன்னு சொல்லிட்டாரே.”

“சொன்னாரு” என்றார் கதவுக்காரர்.

பென்சில் இல்லாத காது வெறிச்சென்று இருந்தது. மேட்டில் ஏறித் தெருவைப் பார்க்க நடந்தார். பின்னால் டிராலியைத் தண்ணீருக்கு இறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று கோட்டு, இந்தக் கையால் அடித்தது. ஒரு சொட்டுகூடவா உள்ளே போகாது?